மரகதம் எந்த ஊருக்குப் போனாள்?

அக்டோபர் 22, புதன்

இந்த நோட்டு என் வீட்டுக்காரி ஜெசிந்தாவின் உத்தரவு. வேலூரில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் போனில் தட்டி அனுப்பிய முதல் சேதியே இதுதான்: "பெர்னி என்ன செஞ்சா, என்ன சாப்பிட்டா, எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. வந்து படிப்பேன். அளந்துவிடாதிய." கழுத்தில் குழாயோடு படுத்திருக்கும்போதும் அதிகாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அளந்துவிடுகிற ஆளா நான்?

சரி, எழுதுகிறேன். தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு குழாய். அதை எடுக்கும்வரை குரல் வராது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரியும் எழுதப்போவதில்லை.

அவளுடைய அக்கா பிலோமி மதினி கூட இருக்கிறார். நான் லீவு தீர்ந்து நேற்றுத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். ஒரு வாரமாகப் பெர்னியைப் பக்கத்து வீட்டு ரூபாவதி டீச்சர்தான் பார்த்துக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கழுத்து ஓட்டை, குழாய் எதுவும் தெரியக்கூடாது என்று ஜெசிந்தா அடித்துச் சொல்லியிருக்கிறாள். குழாயை எடுத்த பிறகுதான் முகத்தைக் காட்டுவாளாம். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன்:

"அம்மா பெரியம்மா வீட்டுக்கு வேலூர் போயிருக்கா. ஒரு மாசம் இருந்துட்டு வந்துருவா."

பெர்னி என் முகத்தையே பார்த்தாள். நான் நாலு நாளாகச் சவரம் செய்திருக்கவில்லை.

"போன்ல பேசுவாளா?"

"அங்க டவர் கிடைக்காது."

"சரிப்பா" என்று வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள். ஒரு அழுகை, ஒரு அடம்? ம்ஹூம். எவ்வளவு பக்குவமான பிள்ளை!

அக்டோபர் 24, வெள்ளி

எனக்குச் சடை பின்ன வராது. துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்குக்கும் பேப்பர் ரெடி பண்ணிவிடுவேன், இந்த மூன்று கற்றை முடி என்னை ஏய்க்கிறது. கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போனாள். அம்மா என்றால் கத்தித் தீர்த்திருப்பாள். என்னிடம், "நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள்.

அக்டோபர் 25, சனி

வாசகசாலை மாடியில் நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குப் படம். பதினோரு வருஷமாக நடக்கிறது. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் கிடையாது, கீழே ஓடுகிற எழுத்தை வாண்டுகளால் படிக்க முடியாது. அதனால் நான் மைக்கைப் பிடித்து ஓரமாக உட்கார்ந்து, படத்தில் வருகிற அத்தனை பேருக்கும் நானே தமிழில் பேசிவிடுவேன். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு என் பெயர் அமலன் என்று தெரியாது. மைக் மாமா என்றால்தான் தெரியும்.

இன்றைய படத்தில் ஒரு கிழட்டு நாய் சாகிறது. டெல்லியில் போலீஸ் வேலை கிடைத்து ரயிலேறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, பதினோரு வருஷத்தில் என் மைக்கில் ஒரு உயிர் போனதில்லை. ஒரு தாத்தாவைப் பம்பாய்க்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு ராஜாவைப் பாம்பு விழுங்கியபோது அவரைக் காசிக்கு அனுப்பினேன். யானை ஒன்று முதுமலையில் சுகமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதற்குச் சாவு?

படம் முடிந்து புரொஜக்டரை மூட்டை கட்டும்போது, படம் ஓட்டுகிற இசக்கி சொன்னான்: "அண்ணாச்சி, குழந்தைகள் தினத்துக்கு ஒரு பொம்மலாட்டப் படம் வச்சிருக்கேன். பாத்தியன்னா மிரண்டுருவிய."

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் படத்தையும் முதலில் ரூபாவதி டீச்சரும் இசக்கியும் நானும் பார்ப்போம். 'போடலாம்' என்று மூன்று கையெழுத்தும் நோட்டில் விழுந்தால்தான் திரையில் ஓடும். ஒருவர் மறுத்தாலும் கிடையாது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். இட்லி. மறுபடியும் இட்லி.

அக்டோபர் 29, புதன்

படம் பார்த்தோம். வீட்டில் ஆளில்லை என்பதால் பெர்னியையும் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுத உட்கார்த்திவைத்தேன்.

யார் எடுத்த படமோ, கை தேர்ந்த ஆள்தான். மரத்தில் செதுக்கிய பொம்மைகள். எல்லாருக்கும் தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் நூல் மேலே போகிறது. மேலே யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டவே இல்லை. கொக்கு மூக்கும் நீளக் கறுப்பு அங்கியுமாக ஒரு பிசாசு வருகிறது, விரலெல்லாம் கத்தரிக்கோல். அது யாருடைய நூலை வெட்டுகிறதோ அவர் 'டக்'கென்று கீழே விழுந்து மரக்கட்டையாகிவிடுவார். நாயகி ஒரு சுரைக்காய்த் தலைச் சின்னப் பொம்மை. சுரைக்குட்டி என்று அங்கேயே பெயர் வைத்து இசக்கியிடம் சொன்னேன். அவள் அம்மாவுக்கு மரகதம். பாதிப் படத்தில் அந்தக் கத்தரிப் பிசாசு மரகதத்திடம் வருகிறது.

கடைசிவரை அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. சுரைக்குட்டி அம்மாவின் மரக்கையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏழு இருட்டுக் குகைகளைத் தாண்டுகிறாள். முடிவில் தன் கையிலிருக்கும் நூலின் மிச்சத்தை அம்மாவின் கையில் முடிந்துகொள்கிறாள். இவள் கையசைத்தால் அந்தக் கையும் அசைகிறது. அவ்வளவுதான் படம்.

விளக்கைப் போட்டபோது இசக்கி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். நான் நோட்டில் எழுதினேன்: 'சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. அமலன்.' பெர்னி குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்லவேளை, படத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

டீச்சர் 'போடலாம்' என்று எழுதியிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"பச்சப்பிள்ளைய பாக்குற படமா டீச்சர் இது?"

"எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்கு இதைவிட பயங்கரமெல்லாம் தெரியும் அமலன். பயந்தா பயப்படட்டும். நாம பக்கத்துலதானே இருக்கோம்?"

"தாயைச் சாகடிச்சா எப்படி?"

"போன வருஷம் ராஜாவைப் பாம்பு முழுங்கிச்சு. அதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க."

"ராஜா வேற."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இசக்கியோ, "நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, நான் வயர் சுத்துதேன்" என்று நழுவிவிட்டான்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கொஞ்சம் மழை விட்டிருந்தது. அப்பா கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டேன். பெர்னி கடையில் இரண்டு மெழுகுவத்தி கேட்டு வாங்கியிருந்தாள். ஒன்றைத் தாத்தாவுக்கு ஏற்றினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்து, சுவரோரமாக யாரையும் புதைக்காத ஒரு மூலையில் ஏற்றிவைத்தாள்.

"அங்க யாருமில்லையேட்டி?"

"சும்மாப்பா."

காற்றில் அணையாமல் கையைக் குவித்துக் கொஞ்ச நேரம் குத்தவைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு மெழுகுவத்தி என்றால் விளையாட்டுதான்.

நவம்பர் 4, செவ்வாய்

வெண்டைக்காய் பொரித்தேன், கரிந்துவிட்டது. பெர்னி மிச்சம் வைக்காமல் தின்றாள். ஜெசிந்தா, நீ படிக்கும்போது இதை நன்றாகக் கவனி: உன் மகள் இப்போது வெண்டைக்காய் தின்கிறாள்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, மரகதத்தை எந்த ஊருக்கு அனுப்பப் போற?"

கள்ளி, அன்றைக்குப் படத்தைப் பார்த்துத்தான் இருக்கிறாள்.

"அந்தப் படம் போடல. போட்டா, பம்பாய்க்கு அனுப்பிரலாம்."

"தாத்தா இருக்காவளே, அங்கயா?"

"எந்தத் தாத்தா?"

"நீ முன்னாடி அனுப்புனியே, அந்தத் தாத்தா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் தட்டையும் கேட்டு வாங்கிக் கழுவினாள்.

நவம்பர் 6, வியாழன்

பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' கட்டுரை. 'எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் இருக்கிறோம். நான் அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.' அம்மாவை எழுத விட்டுவிட்டாளே கழுதை! வேலூருக்குச் சேதி அனுப்பும்போது இதைச் சொல்லவில்லை. அங்கே படுத்திருப்பவள் மனசு கஷ்டப்படும்.

தலையணை உறையை மாற்றும்போது அடியில் ஜெசிந்தாவின் நீல நைட்டி இருந்தது. துவைக்கப்போட எடுத்தேன். பெர்னி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "துவைக்காத. வாசம் போயிரும்." சரி என்று விட்டுவிட்டேன். இந்த மழையில் காயவும் காயாது.

நவம்பர் 8, சனி

ரிப்போர்ட் வந்துவிட்டது. பயப்படவேண்டிய கட்டி இல்லை. சாதாரணக் கட்டி. சாதாரணக் கட்டி! எழுதமாட்டேன் என்று சொன்னேன்தான், இன்றைக்கு நூறு தடவை எழுதலாம் போலிருக்கிறது. அடுத்த வாரக் கடைசியில் குழாயையும் எடுத்துவிடுவார்களாம். பிலோமி மதினி போனில் சொல்லி முடிப்பதற்குள் அவரே அழுதுவிட்டார்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நானும் அழுதேன். இந்த ஒரு மாதமும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. எப்போது வந்து நின்றாளோ, பெர்னி தன் கவுன் நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"வெங்காயம்ட்டி" என்றேன். அடுப்படியில் வெங்காயமே கிடையாது.

"தெரியும்ப்பா. அழாத. நான் இருக்கேன்லா."

இந்த வயதில் இப்படி ஒரு பாசமா என்று கட்டிக்கொண்டேன். ஏன் அழுகிறாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நவம்பர் மாதம் முழுக்க எங்கள் மாதா கோயில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். இறந்துபோன நம்முடைய ஆட்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டால், பூசைக்கு முன்னால் உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். இன்றைக்கும் வாசித்துக்கொண்டே வந்தார். என் அப்பா பெயர் வந்தது. அதற்கு அடுத்த சீட்டு: "பெர்னதெத்தின் அம்மா ஜெசிந்தா."

முன் வரிசைகளில் நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் பெர்னி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தாள்.

அவளை வெளியே, மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனேன்.

"அந்தச் சீட்டு நீ போட்டியா?"

"ம். நீ போடவே மாட்டேங்கிற. பேரு வாசிச்சாத்தான் மோட்சத்துக்குப் போவாவன்னு சிஸ்டர் சொன்னாவ."

"அம்மா வேலூர்ல இருக்கான்னு சொன்னேன்லா?"

"நாய் டெல்லியில இருக்குன்னும் சொன்ன. அதைக் குழிக்குள்ள போட்டு மூடுனத நான் பாத்தேன்." என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் போனிய. நீ மட்டும் வந்த. ஊருக்குப் போன யாருப்பா ஒன் படத்துல திரும்பி வந்துருக்கா? ஒரு ஆளைச் சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். தாத்தா வரவில்லை. யானை வரவில்லை. பதினோரு வருஷத்தில் ஒருவரைக்கூட நான் திருப்பிக் கூட்டிவரவில்லை.

"எங்கிட்ட ஏன் பிள்ள கேக்கல?"

"கேட்டா நீ அழுவ."

பத்தொன்பது நாளாக என் மகள் அம்மா செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய், கரிந்த வெண்டைக்காயைத் தின்று, என் தட்டைக் கழுவியிருக்கிறாள். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் பொய் சொன்னேன். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாது என்று அவள் சும்மா இருந்திருக்கிறாள். நான் எல்லாம் ஒரு அப்பன்.

கெபி முன்னாலேயே பிலோமி மதினிக்கு வீடியோ கால் போட்டேன். "அவ காட்ட வேண்டாம்ங்காளே" என்று மதினி இழுத்தார். "மதினி, கேள்வி பிறகு. போனை அவ முகத்துக்கு நேரா பிடிங்க" என்றேன்.

ஜெசிந்தா பதறிப்போய்த் துண்டால் கழுத்தை மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. பெர்னி பார்த்தாள். குழாயைப் பார்த்தாள், வெள்ளைப் பட்டியைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. போனில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், "அம்மா, கையை ஆட்டு" என்றாள். ஜெசிந்தா கையை ஆட்டினாள். "இன்னொரு கை." அதையும் ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை அழ ஆரம்பித்தது. கோயில் வாசலில் அப்படி ஒரு அழுகையை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஒரு மணிநேரம் கழித்துப் பதில் வந்தது: "காட்டாதியன்னு சொன்னது நான்தான். தப்பு எம்மேலயும் இருக்கு. ஆனா பூசை வரைக்கும் கொண்டு போயிட்டியளே, பாவிகளா!"

நவம்பர் 10, திங்கள்

பெர்னி என்னோடு பேசவில்லை. வெண்டைக்காயையும் தொடவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நவம்பர் 12, புதன்

இன்றைக்குத்தான் பேசினாள். சடை பின்னும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே:

"அந்தப் பொம்மைப் படத்தைப் போடு."

"பயமா இருக்குமேட்டி."

"பயமாத்தான் இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்காவது அம்மா செத்தது தெரியும். தெரியாமக் கெடக்குறதுதான் ரொம்பப் பயம்." முடியை இழுத்துவிட்டேன் போல, "ஆ" என்றாள். "ஆனா உள்ளதச் சொல்லணும். யாரையும் ஊருக்கு அனுப்பக் கூடாது."

வாசகசாலைக்குப் போய் என் பழைய வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். டீச்சருக்கு எல்லாம் தெரியும், தெரு முழுக்கத் தெரியும். மிகச் சின்னதுகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்றாவது கையெழுத்து போடும்போது இசக்கி, "நான் வெளக்குச் சுவிச்சுகிட்டயே நிக்கேன் அண்ணாச்சி. எந்தப் பிள்ளையாவது கத்துனா டப்புன்னு போட்டுருவேன்" என்றான்.

நவம்பர் 14, வெள்ளி

மாடி நிறையக் கூட்டம். எல்லாருக்கும் ஆளுக்கொரு மக்ரூன். பெர்னி முதல் வரிசையில்.

கத்தரி வந்தபோது மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தேன். 'டக்'. மரகதம் விழுந்தாள். சுரைக்குட்டி அம்மாவைப் பிடித்து உலுக்குகிறாள். எனக்கு வாயில் பழக்கதோஷம், பம்பாய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதல் வரிசையிலிருந்து பெர்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மரகதம் செத்துப்போயிட்டா" என்றேன். "இனிமே எந்திரிக்க மாட்டா."

ஒரு சின்னப் பயல் விசும்பிக்கொண்டு டீச்சர் மடியில் ஏறினான். டீச்சர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். இசக்கி சுவிட்சில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். குகைகள் வந்தன. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து ஓடவில்லை. கடைசியில் சுரைக்குட்டி நூலை முடிந்து கையசைத்து, மரக்கையும் அசைந்தபோது, யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எல்லாரும் திரைக்குக் கைகாட்டினார்கள். மடியில் கிடந்த பயலும்தான்.

படம் முடிந்ததும் ஒரு வாண்டு வந்து கேட்டது: "மைக் மாமா, அப்ப அந்த டெல்லி நாயும் செத்துப்போச்சா?"

"ஆமாடா. செத்துப்போச்சு."

"நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மக்ரூனைக் கடித்துக்கொண்டு போய்விட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் வரப் பத்து நாளாவது ஆகும், அதுவரை ஒரு சத்தமும் எழுப்பக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. பூசை முடிந்து வந்ததும் பெர்னி என் மைக்கை எடுத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வயர் எதிலும் செருகியிருக்கவில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

"நீ வாயை மட்டும் அசைம்மா. நான் பேசுதேன்."

ஜெசிந்தா சத்தமில்லாமல் ஏதோ சொன்னாள்.

"'இந்தக் கோணச் சடையை யாரு பின்னிவிட்டது?'ங்கா." மைக்கில் அம்மாவின் அதட்டல் அப்படியே வந்தது. ஜெசிந்தா தோள் குலுங்கச் சிரித்தாள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"இப்ப என்ன சொல்லுதா?"

"'அப்பாவை வெண்டைக்காய் பொரிக்க விடாத'ங்கா."

"அது அவ சொல்லலை, நீ சொல்லுத."

"பேசாம இருப்பா, டயலாக் போயிரும்."

பிறகு ஜெசிந்தா சிரிப்பை நிறுத்திவிட்டு, பெர்னியைப் பார்த்து மெதுவாக, நாலைந்து வார்த்தை சொன்னாள். பெர்னி கண்ணை எடுக்காமல் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். அம்மாவின் குரலும் இப்போது போடவில்லை.

"'வந்துருவேன் பிள்ள. அடுத்த ஞாயித்துக்கெழமை வந்துருவேன்'ங்கா."

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெசிந்தா சொன்னது அதுவேதான். ஒரு சொல்லைக்கூட என் மகள் மாற்றவில்லை.